மூன்று கொட்டாவி

பிப்ரவரி 6

அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

டயர்க் கடை மாடியிலிருந்து மாமா எழுதுவது. இங்கே நானும் என் டிரம்ஸும் முழுச் சத்தத்தோடு இருக்கிறோம். அங்கே உன் சத்தம் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. போன் பண்ணக்கூடாதா என்று கேட்காதே. முப்பது வருஷம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் காதுக்கு போன் ஒரு கொசு. பேசுவது நீயா, கேஸ் கம்பெனியா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உலக சரித்திரத்தின் முக்கிய சம்பவங்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள். சென்ற வியாழக்கிழமை 'இடிதாங்கி' ராக் குழு, ஏழு வருஷ மௌனத்துக்குப் பிறகு, புதுப் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்து முடித்தது. பாட்டின் பெயர் 'வேகம் குறையலே'. நாங்கள் வாசித்த வாசிப்பில் கீழே கடையில் கிடந்த பழைய டயர்களுக்கெல்லாம் தானாகக் காற்று ஏறிவிட்டது. கடைக்காரர் நடுங்கிக்கொண்டு மேலே வந்தார். மாடிப்படியில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்கச் சொல்லத்தான் வந்ததாகச் சமாளித்தார். நான் நம்பவில்லை.

குழுவில் எல்லாரும் சுகம். பாடகன் சங்கு வழக்கம்போல் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறான். கிதார் சுருட்டைக்கு முடி முழுக்கப் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பேஸ் கிதார் வாசிக்கும் தூக்கம் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிக்கிறான்.

ஆல்பம் ஆகஸ்டில்தான் வரும். அதற்கு விளம்பரமாக இந்த ஒரு பாட்டை மட்டும் இசைத்தட்டில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று சிவப்பு முத்திரை குத்தி, பத்திரிகை விமர்சகர்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறோம். வேறு ஒரு ஜீவனுக்கும் கிடையாது. எனக்கே ஒன்று தர மாட்டேன் என்கிறான் சங்கு. விமர்சகர்கள் கேட்டு, மயங்கி விழுந்து, எழுந்து முகம் கழுவி, எழுத வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு பாட்டுக்குக் கிடைத்த வசவுகளில் மிக மோசமான வரியைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வெளியீட்டின் பின்னட்டையில் கொட்டை எழுத்தில் போடுவோம். 'லாரி ரிவர்ஸ் வரும் ஓசைக்கு இவர்கள் பாட்டு எழுதியிருக்கிறார்கள்' என்று போன தடவை ஒருவர் எழுதியதை, போட்டே ஆகவேண்டும் என்று மல்லுக்கட்டியவன் நான். திட்டுக்குப் பயப்படுகிறவன் டிரம்ஸ் பக்கம் வரக்கூடாது.

வேறு விசேஷம் இல்லை. இப்போதெல்லாம் இடது கையால் சவரம் செய்துகொள்கிறேன். கலைஞனுக்கு இரண்டு கையும் சமம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இடியோடு,
மாமா


பிப்ரவரி 20

மாமாவுக்கு,

நான் நல்ல சுகம். சத்தத்துக்கும் குறைவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் பிசியோதெரபி அறை வாசலில் 'அமைதி காக்கவும்' என்று பலகை, உள்ளே காலையிலிருந்து "ஐயோ, விடும்மா, கால் கழண்டுடும்மா!" உங்களுக்கு நல்ல பாடகர்கள் தேவையென்றால் அனுப்புகிறேன்.

ஒரு சமாச்சாரம். சிரிக்காமல் படியுங்கள். ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அவருடைய அம்மாவைக் கால் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு வருவார். ரொம்ப உயரம். எங்கள் அறைக் கதவு நிலையில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை இடிக்காமலிருக்க நான் போய் வாசலில் நின்றேன். அப்படியே பேச்சு வளர்ந்துவிட்டது. பத்திரிகை ஆபீஸில் வேலை.

அம்மாவுக்கு எழுதினேன். "உன் மாமா சரின்னா எனக்கும் சரி. அவன் வேணாம்னா வேணாம்தான்" என்று பதில். அப்பா எப்போதும் கடைசியாகப் பேசியவர் கட்சி. ஆக, என் கல்யாணம் உங்கள் ஒரு வார்த்தையில் நிற்கிறது. சீக்கிரம் அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அதென்ன, இடது கையால் சவரம்?

அன்புடன்,
சிட்டு


மார்ச் 3

மருமகளே,

உடல் நலம். உள்ளம் எரிமலை. இந்தக் காகிதம் சுட்டால் ஈரத்துணியில் பிடித்துப் படி.

விமர்சனம் வந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பத்திரிகையில் 'கொட்டாவி' என்ற புனைபெயரில் ஒரு ஜந்து எழுதுகிறதாம். எல்லாரும் நட்சத்திரம் கொடுப்பார்கள். இவன் கொட்டாவி கொடுப்பானாம். ஒன்று என்றால் தேறும். மூன்று என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எங்களுக்கு மூன்று. அதோடு விட்டானா? எழுதுகிறான் பார்: 'மூன்று பேர் ஒரு பாட்டை வாசிக்கிறார்கள். டிரம்ஸ்காரர் அதே பாட்டைத் தேடிக்கொண்டு பின்னால் வருகிறார்.'

நானா பின்னால் வருகிறேன்? என் வாசிப்பைக் கேட்டு ஒருமுறை ரயில் நேரத்துக்குக் கிளம்பியது, தெரியுமா உனக்கு? அந்தக் கொட்டாவி மட்டும் என் கையில் கிடைத்தால், அவனைப் பெரிய டிரம்முக்குள் உட்காரவைத்து, ஒரு முழுக் கச்சேரி வாசித்து, பிறகு கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விடுவேன். ஜென்மத்துக்கும் கொட்டாவி வராது.

உன் ஆளை அழைத்துக்கொண்டு வா. எனக்கு இரண்டே நிபந்தனை. அவருக்கு இரண்டு காது இருக்கவேண்டும். அவர் அந்தக் கொட்டாவியாக இருக்கக்கூடாது. இதைவிடத் தாராளமான தாய்மாமன் எந்த உலகத்திலும் கிடைக்க மாட்டான்.

உடம்பு பத்திரம்.

புகையோடு,
மாமா


மார்ச் 8

அம்மா,

நீயும் அப்பாவும் சுகம்தானே? எனக்கு நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

கொட்டாவி அவர்தான்மா.

என் மாமா டிரம்ஸ் வாசிப்பார் என்று சொல்லியிருந்தேன், எந்தக் குழு என்று சொல்லவில்லை. தெரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆல்பம் வரும்போது நல்லதா நாலு வரி எழுதிடறேன், அதைக் காட்டி உங்க மாமாகிட்ட பேசலாம்" என்கிறார். இதுவரை யாருக்காகவும் ஒரு வரி மாற்றி எழுதியவர் இல்லை. எனக்காகச் செய்கிறேன் என்று சொல்லும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

அவரிடமிருந்த தட்டைப் போட்டு அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எழுதியது உண்மைதான். ஆனால் எங்கே தாமதமாகிறது என்று கவனித்தேன். டிரம்ஸில் மேலே இருக்கிற பித்தளைத் தட்டை அடிக்கிற இடத்தில் மட்டும்தான். வலது கை மேலே ஏற நேரமாகிறது. அது வயசும் இல்லை, சோம்பலும் இல்லை. தோள் இறுகிப்போயிருக்கிறது. இந்த மாதிரி தோளை நான் தினம் பார்க்கிறேன்.

மாமாவிடம் எதையும் சொல்லிவிடாதே. நானே பக்குவமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சிட்டு


மார்ச் 15

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஈரத்துணியில் பிடித்துத்தான் படித்தேன். இப்போது கொஞ்சம் ஆறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

யாரோ என்னவோ எழுதட்டும். எனக்குப் பாட்டு பிடித்திருந்தது. கடைசியில் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு தும்மல் கேட்கிறதே, அது நீங்கள்தானே? விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாமா, ஒன்று கேட்டால் கோபப்படக்கூடாது. உங்கள் கடிதத்தில் வரிகள் போகப்போக வலது பக்கம் சரிந்து இறங்குகின்றன. முன்பெல்லாம் அப்படி எழுத மாட்டீர்கள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க முடிகிறதா? இராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறதா? எப்போதிலிருந்து?

உடனே பதில் எழுதுங்கள்.

சிட்டு


மே 2

மருமகளே,

பதில் தாமதம். காரணம், இங்கே தபால்பெட்டியை ஒரு காளைமாடு விழுங்கிவிட்டது. வேறு பெட்டி வைக்க இத்தனை நாள். நான் சுகம். மாடும் சுகம்.

பேனா மட்டம். அதுதான் வரி சரிகிறது. வேறு ஒன்றுமில்லை.

ஆல்பத்தின் பின்னட்டை பற்றி இங்கே மகாயுத்தம். கொட்டாவியின் வரியைப் போடவேண்டும் என்று மூன்று பேரும் ஒரே பிடியாக நின்றார்கள். நான் வேண்டாம் என்றேன்.

"ஏன்டா, லாரி வரியைப் போட்டே ஆகணும்னு நின்னவன் நீதானே?" என்றான் சங்கு.

"அது நம்ம நாலு பேரையும் சேர்த்துத் திட்டினது. இது வேற."

"என்ன வேற?"

"இது நீளம். பின்னட்டைல இடம் பத்தாது."

தூக்கம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவனுக்குக் கண் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. "எழுத்தைச் சின்னதாப் போட்டுக்கலாம்" என்றான். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அது கிடக்கட்டும். உன் ஆளைப் பற்றி நீ அப்புறம் ஒன்றுமே எழுதவில்லையே? பத்திரிகையில் எதைப் பற்றி எழுதுகிறார்? வானிலையா? தங்கம் விலையா? இராத்திரி நன்றாகத் தூங்குகிறாரா? பகலில் அடிக்கடி வாயைத் திறக்கிறாரா? சும்மா, மாப்பிள்ளையின் ஆரோக்கியம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அவருடைய விலாசத்தையும் அனுப்பு. பெரியவர்கள் நேரடியாக இரண்டு வார்த்தை எழுதுவதுதான் மரியாதை.

சாப்பிடு. இளைத்துப்போய்விடாதே.

மாமா


மே 10

டேய் தம்பி,

நானும் அவரும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு கேட்கலே, ஏன்னா கேட்டா பொய்தான் எழுதுவே.

நான் சொன்னேன்னு சிட்டுகிட்ட சொல்லாதே. அந்தப் பையன்தான் உன்னைத் திட்டி எழுதினவன். தங்கமான பையன்டா. அடுத்த தடவை உன்னை ஆகா ஓகோன்னு எழுதிடறேன்னு சொல்றானாம். அப்புறம் என்ன? நீயும் மனசு குளிர்ந்து சரின்னு சொல்லு, முடிஞ்சுது. நல்ல நாள் பார்க்கணும், துணி எடுக்கணும், எத்தனை வேலை இருக்கு! நீ சின்னப் பையன் மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்காதே.

தோள் வலியாமே? எண்ணெய் தேய்ச்சியா?

அக்கா


மே 16

கொட்டாவி அவர்களுக்கு,

டிரம்ஸ்காரன் எழுதுவது. தங்கள் தாடை சௌக்கியமா?

தங்களை யாரென்று நான் இன்றைக்குக் கண்டுபிடித்ததாக நினைக்கவேண்டாம். மார்ச் மாதமே தெரியும். அந்தத் தட்டு விற்பனைக்கு இல்லை. விமர்சகர்களைத் தவிர யாரிடமும் கிடையாது. என் மருமகள் கடைசியில் வரும் தும்மலைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். உங்கள் ஊரில் தட்டு போனது ஒரே ஒரு விமர்சகருக்கு. துப்பறியும் இலாகா என்னை வேலைக்குக் கூப்பிடாதது அவர்கள் நஷ்டம். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அதுவும் ஒரு சுகம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பம் வந்ததும் என்னைப் புகழ்ந்து எழுதப்போவதாகக் கேள்வி. எழுதிப் பாருங்கள். பொய்யாக ஒரு வார்த்தை புகழ்ந்தால் என் மருமகளை மறந்துவிட வேண்டியதுதான். கல்யாணத்துக்காக ஒரு பொய் எழுதுகிறவர், கல்யாணம் ஆனபிறகு எத்தனை எழுதுவார்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வாரம் ஒத்திகையில் மற்றவர்களைக் கவனித்தேன். நான் கையைத் தூக்கும்போதெல்லாம் தூக்கம் கண்ணைத் திறந்து என் கையைப் பார்க்கிறான். சுருட்டை விரலைத் தந்திமேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். சங்கு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். மூன்று பேரும் எனக்காக நிற்கிறார்கள், எத்தனை நாளாகவோ. ஒலிப்பதிவில் அப்படி நிற்க முடியவில்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அவர்கள் ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. சொன்ன ஒரே ஆள் நீங்கள்.

போன வருஷத்திலிருந்து தோள் வலி. சொன்னால் வாசிக்காதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். டிரம்ஸைக் கட்டிக்கொண்டவன் நான். வேறு குடும்பம் எனக்குக் கிடையாது.

ஆகஸ்டில் ஆல்பம். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். அதைப் படித்த பிறகு அக்காவுக்கு என் வார்த்தையைச் சொல்வேன்.

இப்படிக்கு,
பின்னால் வருபவன்


மே 25

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

தாடை நலம். தங்கள் தோள் நலமடைய வேண்டுகிறேன்.

நல்லதாக எழுதுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தங்கள் கடிதம் வந்தபிறகுதான் தூங்கினேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மார்ச்சில் எழுதிய வரியைத் திரும்பப் பெறவில்லை. கேட்டதைத்தான் எழுதினேன்.

ஆனால் கேட்டு எழுதியும் அச்சில் வராமல் போனது ஒன்று இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்குப் பிறகு மற்றவர்கள் ஓய்ந்து, தாங்கள் மட்டும் கொஞ்ச நேரம் வாசிக்கிறீர்கள். அங்கே தாமதம் என்ற பேச்சே இல்லை. ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது. அந்த நடைக்கு மற்ற மூன்று பேரும் வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். அதையும் எழுதியிருந்தேன், பத்திரிகையில் இடம் பற்றாமல் வெட்டிவிட்டார்கள்.

சிட்டு தோள் பயிற்சிகளைப் படம் வரைந்து கொடுத்திருக்கிறாள், இணைத்திருக்கிறேன். தாங்கள் செய்யவில்லையென்றால் நேரில் வந்து செய்யவைப்பாளாம்.

ஆகஸ்டில் எத்தனை கொட்டாவி வரும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது.

பணிவுடன்,
கொட்டாவி


ஆகஸ்ட் 27

மாமா,

நாளைக் காலைப் பத்திரிகையில் விமர்சனம் வருகிறது. எழுதியதை எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறார். "பிடிக்கலேன்னா என்ன எழுதியிருப்பீங்க?" என்று கேட்டேன். "பிடிக்கலேன்னுதான்" என்கிறார். இரண்டு நாளாக நோயாளிகளுக்குப் பதிலாக நான் "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கை எவ்வளவு உயரம் ஏறுகிறது? அதையாவது உண்மையாக எழுதுங்கள்.

சிட்டு


செப்டம்பர் 1

என் செல்ல மருமகள் சிட்டுவுக்கு,

இங்கே நான், டிரம்ஸ், தோள் மூவரும் சுகம். தோளைக் கடைசியில் சொன்னாலும் முதலில் அதைப் பற்றித்தான்.

நீ படம் போட்டுக் கொடுத்தபடி, ஒத்திகை அறைச் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றிக்கொண்டு போகிறேன். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறோமா, ஒரு வரிசை ஏறுவது இமயமலையில் ஒரு முகாம் ஏறுவதற்குச் சமம். முதல் வாரம் நான் எழுப்பிய குரலைக் கேட்டு டயர்க் கடைக்காரர், "புதுப் பாட்டுங்களா? நல்லா இருக்கே!" என்றார். மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். "எங்களுக்குத் தெரியும்டா" என்றான் சங்கு. "நீயாச் சொல்லுவேன்னு நின்னோம்." பாவிகள், அதற்கும் நின்றிருக்கிறார்கள்!

அப்புறம் 'வேகம் குறையலே' பாட்டை மறுபடி ஒலிப்பதிவு செய்தோம். மாப்பிள்ளை சொன்ன அந்த நடையில். நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பின்னால் வந்தார்கள். பாட்டின் வேகம் பாதியாகிவிட்டது. பெயரை மாற்றலாமா என்றார்கள். கூடவே கூடாது என்றேன். பின்னட்டையில் கொட்டாவியின் வரியைப் போடச் சொன்னதும் நான்தான். எழுத்தைச் சின்னதாக்காமல் அப்படியே போட்டிருக்கிறோம். இடம் தாராளமாக இருந்தது.

விமர்சனத்தைப் படித்தேன். இரண்டு கொட்டாவி! ஒன்பது பாட்டில் ஐந்தைத் தூங்கிக்கொண்டே கேட்டாராம். சங்குவின் உச்சக் குரல், கதவிடுக்கில் விரல் மாட்டியவர் பாடுவது மாதிரி இருக்கிறதாம். சங்கு அதைச் சத்தம்போட்டுப் படித்துவிட்டு, "அடுத்த ஆல்பத்துப் பின்னட்டை என்னுது! யாரும் கை வைக்கக்கூடாது!" என்று குதிக்கிறான். அடுத்த ஆல்பம் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பத்தியை மட்டும் வெட்டி, ஒத்திகை அறைச் சுவரில், ஆறாவது வரிசை முட்டை அட்டையில் குத்தி வைத்திருக்கிறேன்: 'வேகம் நன்றாகவே குறைந்திருக்கிறது. இந்த முறை மூன்று பேரும் டிரம்ஸ்காரரின் பின்னால் நடந்து வருகிறார்கள். அவருக்கு வழி தெரிகிறது. அந்தப் பாட்டு முடியும்வரை என் வாய் மூடியிருந்தது.'

இந்த ஆளை விட்டால் உனக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டான். எனக்கும்தான். அக்காவுக்கு என் வார்த்தையை இதே தபாலில் எழுதிவிட்டேன். கல்யாணத்தில் 'இடிதாங்கி' வாசிக்கும். மாப்பிள்ளை மேடையிலேயே உட்கார்ந்து எத்தனை கொட்டாவி வேண்டுமானாலும் விடட்டும், எண்ணி வாங்கிக்கொள்கிறோம்.

கை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கேட்டாயே. உண்மையையே எழுதுகிறேன்: காது வரைக்கும். உன் தலையில் வைத்து வாழ்த்துவதற்கு அது போதும். அவர்தான் உயரம். கொஞ்சம் குனியச் சொல். நானும் கொஞ்சம் எம்பிப் பார்க்கிறேன்.

இரண்டு கைகளோடும்,
மாமா